அடுப்பு எரியாத வீட்டில் ஆறாயிரம் வாட்

துக்க வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கத் தெரிவது பெரிய திறமை. பந்தலில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களைப் பார்த்துத் தலையாட்டி, "எப்ப எடுக்கறாங்க?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொன்னால் போதும். அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வராது. எனக்கு அந்தத் திறமை கிடையாது. அது இல்லாததால் என் சித்தப்பாவை அவருடைய கடைசிப் பகலில் நான் என்ன பாடு படுத்தினேன் என்பதுதான் விஷயம். (எங்கள் ஊரில் இது தெரியாதவர்கள் யாரும் இல்லை. நீடாமங்கலத்தைத் தாண்டி இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.)

முதலில் என்னுடைய அண்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சில வருடங்கள் ஒரு குளிர்தேசத்தில் வேலை பார்த்தேன். கூடத் தங்கியிருந்தவன் வார இறுதி வந்தால் சமையலறையில் பீர் காய்ச்சுவான். அங்கே அது ஒரு பொழுதுபோக்கு, நம்மூரில் தோட்டம் போடுகிற மாதிரி. ஊருக்குத் திரும்பி அப்பாவோடு வயலைப் பார்க்க ஆரம்பித்ததும் எனக்கும் காய்ச்சும் ஆசை வந்தது. நம்மூரில் அது குற்றம் என்பதை என் மனைவி மேகலா எந்தச் சட்டப் புத்தகமும் படிக்காமலேயே அறிவித்தாள்.

"போலீஸ் வந்தா, இவர் யாருன்னே எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடுவேன்."

அதனால் இஞ்சி, எலுமிச்சை, நன்னாரி என்று போதை தராத சமாச்சாரங்களைக் காய்ச்சி பாட்டிலில் அடைத்து விற்பதாகத் திட்டத்தை மாற்றிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பானத்தில் அவ்வளவு ஆசை இல்லை. காய்ச்சுகிற கருவியில்தான் ஆசை. ஐம்பது லிட்டர் எவர்சில்வர் அண்டா, அதற்குள் மின்சாரக் காயில், வெளியே ஒரு கண்ட்ரோல் பெட்டி. இந்த மூன்றையும் சேர்ப்பதற்கு ஆறு மாதம் எடுத்துக்கொண்டேன். ஒரு குழந்தையைப் பெற்றுக்கொள்ளக்கூட நாங்கள் இவ்வளவு யோசிக்கவில்லை.

எத்தனை வாட் காயில் என்பதுதான் முதல் கேள்வி. பக்கெட்டில் போடுகிற சாதாரண ஹீட்டர் ராடு ஆயிரத்து ஐந்நூறு வாட். அதை வைத்து ஐம்பது லிட்டரைக் கொதிக்க வைக்க மூன்று மணி நேரம் பிடிக்கும். மூவாயிரம் வாட் என்றால் ஒன்றரை மணி நேரம். ஆறாயிரம் என்றால் முக்கால் மணி. அவசரமே இல்லாத மனிதனுக்கு மூவாயிரம் தாராளம். எனக்கு என்ன அவசரம்? ஒன்றும் இல்லை. மூவாயிரத்தில் இரண்டு வாங்கினேன்.

அடுத்தது காயிலின் நீளம். அதே மூவாயிரம் வாட்டைக் குட்டையான காயிலில் அடைத்தால் அதன் மேல்பரப்பு கொடூரமாகச் சூடாகும். சர்க்கரை கலந்த எதுவும் அதில் ஒட்டிக் கருகும். நீளமான காயில், நாலு மடிப்பாக மடித்தது என்றால் சூடு பரவும், தீய்ந்த வாடை வராது. இதை மேகலாவுக்கு உற்சாகமாக விளக்கினேன். அவள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அடிப்பிடிக்காம இருக்கணும்னா தீயைக் குறைக்கணும். இதைக் கண்டுபிடிக்க ஆறு மாசமா?" என்றாள்.

அந்தத் தீயைக் குறைப்பதுதான் மூன்றாவது கேள்வி. கொதிநிலைக்கு வந்த தண்ணீர் அதற்கு மேல் சூடாகாது. ஆகவே இத்தனை டிகிரியில் நிறுத்து என்கிற தெர்மோஸ்டாட் இங்கே உதவாது. அடியில் போகிற மின்சாரத்தையே கூட்டிக் குறைக்க வேண்டும். ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி திருகுகிற பெரிய சைஸ் ரெகுலேட்டர் கிடைக்கும். அதைத்தான் தஞ்சாவூர்க் கடைக்காரர் எடுத்து வைத்தார். நான் வேண்டாம் என்றேன். எனக்குச் சிவப்பு எண்கள் ஒளிரும் பெட்டி வேண்டும். பட்டனை அமுக்கினால் எண்பது சதவீதம், ஐம்பது சதவீதம் என்று காட்ட வேண்டும். அதற்குள்ளே ரிலே என்று தீப்பெட்டி அளவு ஒரு சாமான் இருக்கும். மின்சாரத்தைத் திறந்து மூடுவது அதுதான். ஆன்லைனில் இருப்பதிலேயே மலிவான ரிலேயை வாங்கினேன். அது சூடாகும், முதுகில் பெரிய அலுமினியத் தகடு வைக்கணும் என்று குறிப்பில் போட்டிருந்தது. பெரிய தகடு என்னுடைய அழகான பெட்டிக்குள் நுழையவில்லை. சின்னதாக ஒன்றை வைத்தேன். அண்டாவுக்கென்று தனியாக ஒரு சுவிட்ச் வைக்கவும் என்றும் போட்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கினால் போகிறது, அதற்கு எதற்குத் தனி சுவிட்ச் என்று விட்டுவிட்டேன்.

எல்லாம் முடிந்து பார்த்தால் இரண்டு காயிலையும் ஒன்றாகப் போட அப்பா சம்மதிக்கவில்லை. "வீட்டு ஒயரு தாங்காதுடா." ஒரே ஒரு காயிலை ஒரே ஒரு நாள் போட்டுப் பார்த்ததோடு சரி. அதன் பிறகு அண்டா எங்கள் மோட்டார் கொட்டகையில் சாக்குப் போர்த்திக்கொண்டு கிடந்தது. அந்தப் பக்கம் போகிறவர்கள் எல்லாம் "என்னப்பா, பால் பொங்கிடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் சித்திரை மாதத்தில் ஒரு சாயங்காலம் சித்தப்பா இறந்துபோனார். அப்பாவுக்கு ஒரே தம்பி. அடுத்த தெருவில் வீடு. வயலிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அவருடைய ஒரே மகன் சரவணன் தோஹாவில் இருந்தான். மூன்று வருடமாக ஊருக்கு வரவில்லை. எப்படியோ லீவும் டிக்கெட்டும் வாங்கிவிட்டான். மறுநாள் மத்தியானத்துக்கு மேல் திருச்சியில் இறங்கி, கார் பிடித்துப் பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவான். ஃபிரீசர் பெட்டி வந்தது. சித்தப்பாவை அதில் வைத்தார்கள். சித்தி அழுகைக்கு நடுவே ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டார்.

"எம்புள்ள வந்து அவரு மூஞ்சியப் பாக்கணும். அப்புறம் நீங்க என்ன வேணா பண்ணிக்கிங்க."

மறுநாள் காலையில் கூட்டம் சேர்ந்தது. பூதலூரிலிருந்து சித்தியின் அண்ணன் வேன் வைத்து ஜனங்களோடு வந்தார். எங்கள் பக்கத்தில் சடலத்தை எடுக்கிற வரைக்கும் சாவு வீட்டில் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். அக்கம்பக்கத்து வீடுகளில்தான் டீ, காப்பி போட்டுத் தூக்கில் கொண்டுவந்து கொடுப்பார்கள். அன்றைக்கு வந்த கூட்டத்துக்கு அக்கம்பக்கம் திணறிப்போனது. "பெரியவங்களுக்கே டீ பத்தலைங்க" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது.

சித்தப்பா என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர். இரவெல்லாம் அழுதிருந்தேன். ஆனாலும் அந்த நிமிடத்தில் மனசின் ஒரு ஓரத்தில் எனக்குச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. ஐம்பது லிட்டர் டீ குடிக்க ஆள் கிடைத்துவிட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் தோன்றியது.

அண்டாவைக் கொண்டுவந்து கொல்லையில் இறக்கினேன். பூதலூர் மாமா எழுந்து வந்தார்.

"தம்பி, எடுக்கற வரைக்கும் இங்க அடுப்பு எரியக் கூடாதுப்பா."

"இது அடுப்பு இல்லை மாமா. நெருப்பே கிடையாது. கரண்ட்டு."

"நெருப்பு இல்லாம எப்புடிப்பா கொதிக்கும்?"

"உள்ள காயில் இருக்குங்க. அது சூடாகும்."

மாமா அண்டாவைச் சுற்றி வந்தார். "அப்ப அந்தப் பொட்டியும் கரண்ட்டு, இதுவும் கரண்ட்டு."

"ஆமாங்க மாமா."

"அது குளுருது. இது கொதிக்குது."

"ஆமாங்க."

"என்னமோ பண்ணு" என்று சொல்லிவிட்டு மாமா போனார். சாஸ்திரத்தையே ஜெயித்துவிட்ட பெருமை எனக்கு. "சாராயம் காய்ச்சற அண்டா மாதிரில்ல இருக்கு?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். (துக்கத்தில் என்று எல்லோரும் நினைத்தார்கள்.)

இரண்டு காயிலும் சேர்ந்தால் இருபத்தாறு ஆம்பியர் இழுக்கும். அந்த வீட்டில் எந்த பிளக் பாயிண்டும் அதைத் தாங்காது. மோட்டார் கொட்டகையிலிருந்து கனமான ஒயரைக் கொண்டுவந்து, மீட்டருக்குக் கீழே மெயின் சுவிட்சிலேயே நேரடியாக மாட்டினேன். ஆகவே அவசரத்துக்குப் பிடுங்கலாம் என்று நான் நம்பியிருந்த பிளக் இப்போது இல்லை. ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்த்தேன். மெல்லிய கம்பி. நாலைந்து இழைகளை ஒன்றாக முறுக்கிக் கட்டி வைத்தேன். இதை எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நடவு நேரத்தில் மோட்டார் ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தால் ஒவ்வொரு இழையாகச் சேர்த்துக்கொண்டே போவோம். ஃபியூஸ் என்பது எந்தக் காலத்திலும் போகாமல் இருக்க வேண்டிய பொருள் என்பது எங்கள் நம்பிக்கை.

போட்டேன். முக்கால் மணியில் தளதளவென்று கொதித்தது. தூள், சர்க்கரை, இஞ்சி எல்லாம் போட்டு பால் சேர்க்காத வறட்டீயாக இறக்கினேன். பேப்பர் கப்பில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தேன். பூதலூர்க்காரர்கள் இரண்டாவது கப் கேட்டார்கள். அப்பாகூட ஒரு வாய் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தார். அவரைப் பொறுத்தவரை அது பாராட்டு. ஆறு மாதக் கேலிக்கு ஒரு காலைப் பொழுதில் பதில் சொல்லிவிட்டதாக நினைத்தேன்.

சும்மா சூடாக இருந்தால் போதும் என்று பட்டனை அமுக்கி இருபது சதவீதத்துக்குக் கொண்டுவந்தேன். எண் இருபது காட்டியது. டீ அதே வேகத்தில் கொதித்தது. பத்துக்குக் கொண்டுவந்தேன். கொதித்தது. பூஜ்யம் வைத்தேன். சிவப்பில் பூஜ்யம் பளிச்சென்று எரிய, டீ பொங்கி வழிந்தது.

இந்த வகை ரிலே சூடு தாங்காமல் போனால் எப்படிப் போகும் என்று அப்புறம்தான் படித்தேன். பல்பு போனால் அணையும். இது போனால் அணையாது. திறந்த மதகு திறந்தபடியே மாட்டிக்கொள்ளும். அதனால்தான் தனி சுவிட்ச் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இனி அதை நிறுத்த மெயினைத்தான் அணைக்க வேண்டும். மெயினை அணைத்தால் சித்தப்பாவின் பெட்டியும் நிற்கும். ஒரே ஒரு நிமிடம் நிற்கும், அவ்வளவுதான். அதற்குள் ஒயரைக் கழற்றியிருக்கலாம். கழற்றியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. ஆனால் கூடத்தில் ஃபேன் நின்றால் நூறு பேர் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். அந்த ஒரு நிமிட அவமானத்துக்குப் பயந்து, பக்கெட் பக்கெட்டாகப் பச்சைத் தண்ணீரை அண்டாவில் ஊற்றிச் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

இதற்குள் உள்ளே ஃபேன்கள் தள்ளாட ஆரம்பித்துவிட்டன. டியூப்லைட் மினுக்கியது. பெட்டியின் மோட்டார் சத்தம் மாறி, தொண்டையைச் செருமுகிற மாதிரி முனகியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருத்தர் பெட்டியின் மேல் காதை வைத்தார்.

"அய்யோ, ஏதோ சொல்ல வர்றாரும்மா!"

கூடமே பெரிதாகக் குரலெடுத்து அழுதது. கையில் பக்கெட்டோடு நான் கொல்லையில் நின்றேன். அரை மணி நேரம் இப்படிப் போனது. பிறகு தெருவில் கரண்ட் போஸ்ட் மரத்தில் டமார் என்று ஒரு சத்தம். மீட்டர் பலகையிலிருந்து புகை. எல்லாம் நின்றது. டீயும் அப்போதுதான் கொதிப்பதை நிறுத்தியது. நான் போட்ட ஃபியூஸுக்கு மட்டும் ஒரு கீறல்கூட இல்லை.

லைன்மேன் வந்து, கருகிக் கிடந்த சர்வீஸ் ஒயரைப் பார்த்தார். "என்னங்க ஓட்டுனீங்க, ரைஸ் மில்லா?" என்றார். மத்தியானத்துக்குள் புது ஒயர் இழுத்து மின்சாரம் கொடுத்துவிட்டார். ஃபேன் சுற்றியது. பெட்டி மட்டும் ஓடவில்லை.

"மோட்டாரு போச்சுங்க. லோ வோல்டேஜுல ஓடுனா அப்புடித்தான்" என்றார் பெட்டிக்காரர். வேறு பெட்டி? அவரிடம் இருந்த இன்னொன்று வேறொரு சாவில் இருந்தது. மன்னார்குடியில் கேட்டோம், திருவாரூரில் கேட்டோம். சித்திரை வெயிலில் எல்லாப் பெட்டிக்கும் ஆள் இருந்தது. "மூடிய மட்டும் தொறக்காதீங்க. உள்ள இருக்கற குளுரு கொஞ்ச நேரம் தாங்கும்" என்று சொல்லிவிட்டு அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் பார்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

பூதலூர் மாமா தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "வெயிலு இப்புடி அடிக்குது. எடுத்துடறதுதான் மரியாதை. பையனுக்கு போன்ல மொகத்தக் காட்டிடலாம்."

எல்லோரும் சித்தியைப் பார்த்தார்கள். சித்தி என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தம்பி, எம்புள்ள வர்ற வரைக்கும் அவரு தாங்குவாருல்ல?"

"தாங்குவாரு சித்தி" என்றேன். சொல்லிவிட்டு ஓடினேன்.

நீடாமங்கலத்து ஜூஸ் கடை ஐஸ் எதற்கும் ஆகாது. பாளம் பாளமாக ஐஸ் கிடைப்பது மீன் இறங்குகிற இடத்தில்தான். ஒரு மினி லாரியைப் பிடித்து நாகூர்ப் பக்கம் போனேன். அங்கே ஐஸ் போடுகிறவர், பாளங்களை இழுத்துப் போட்டபடியே கேட்டார்.

"மீனு எவ்வளவு இருக்குங்க? அதுக்குத் தக்கன போடறேன்."

"சித்தப்பா ஒருத்தர்தாங்க" என்றேன்.

அவர் கையை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு இழுத்துப் போட்டிருந்த பாளங்களைத் தள்ளிவிட்டு, உள்ளே போய் மீன் படாத புதுப் பாளமாகக் கொண்டுவந்தார். வாடை போகட்டும் என்று தண்ணீர் ஊற்றிக் கழுவியும் கொடுத்தார். வாடை போகவில்லை. வழியில் ஒரு ரைஸ் மில்லில் உமி வாங்கி ஐஸ் மேல் கொட்டி, சாக்கால் மூடி, அதன் மேல் நானே உட்கார்ந்துகொண்டேன். லாரி போகப் போக அடியில் சொட்டிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு சொட்டும் எனக்குத் தெரிந்தது. சித்தப்பாவுக்காக நான் ஒழுங்காக அழுதது அந்த லாரியில்தான்.

வந்து சேர்ந்தபோது மணி மூன்றரை. பெட்டியைத் திறந்து, அடியிலும் பக்கத்திலும் பாளங்களை அடுக்கினோம். கூடம் முழுக்க மீன் வாடை பரவியது. காரியம் முடிகிற வரை மீன் பெயரைக்கூடச் சொல்லக் கூடாத வீடு அது. மாமா மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அடுப்புக்கு வியாக்கியானம் சொன்னியே. கவிச்சிக்கும் ஒண்ணு சொல்லு."

பெண்கள் முறை வைத்து விசிறியால் வீசினார்கள். அண்டாவுக்கு ஊற்றிய அதே பக்கெட்டில், உருகி வழிந்த தண்ணீரை நான் பிடித்துப் பிடித்துக் கொண்டுபோய்க் கொல்லையில் கொட்டினேன்.

பொழுது சாய்வதற்குக் கொஞ்சம் முன்னால் கார் வந்து நின்றது. சரவணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தான். பெட்டியைத் திறந்தோம். சித்தப்பாவின் முகம் அப்படியேதான் இருந்தது. சரவணன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அப்பா, வந்துட்டேம்ப்பா, வந்துட்டேம்ப்பா" என்று அலறினான். அதுவரை மூச்சை அடக்கிக்கொண்டிருந்த சித்தி அப்போதுதான் கீழே விழுந்து புரண்டு அழுதார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து சரவணன் தன் கையைப் பார்த்தான். "ஏன் இவ்வளவு ஈரமா இருக்காரு?" என்றான். சித்தப்பாவின் புருவத்தில் ஒரு உமி ஒட்டியிருந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

சுடுகாட்டிலிருந்து வந்து எங்கள் பம்புசெட்டில் குளித்தோம். ஆற்றில் அந்த மாதம் மணல்தான். அதற்குள் வழியில் அவனுக்கு யாரோ எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார்கள். ஈர வேட்டியோடு என்னிடம் வந்தான். அறைவான் என்று எதிர்பார்த்தேன். அறைந்தால் வாங்கிக்கொள்வது என்று முடிவும் செய்திருந்தேன்.

"அந்த டீ இருக்காண்ணே? நேத்துலேர்ந்து ஒண்ணும் குடிக்கல" என்றான்.

இருந்தது. நாற்பது லிட்டர் இருந்தது. ஆறி, தீய்ந்து, பக்கெட் தண்ணீர் கலந்து கஷாயமாகிக் கிடந்தது. (நீளக் காயிலில் தீய்ந்த வாடை வராது என்று சொன்னேன் இல்லையா? ஒரு சிட்டிகை வரும்.) வீட்டுக்குப் போனதும் கொல்லையில் ஒரு முழு டம்ளரையும் நின்றபடி குடித்து முடித்தான். "நல்லாவே இல்லண்ணே" என்று சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதான்.

அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் யார் இறந்தாலும், சொந்தங்களுக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன்னால் என்னை எங்கே உட்கார வைப்பது என்று முடிவு செய்வார்கள். அப்பா எல்லோர் முன்னாலும் சொல்லியே வைத்திருந்தார்: "நான் போனா யாருக்காவும் காத்திருக்க வேணாம். இவன் டீ போட ஆரம்பிக்கறதுக்குள்ள என்னையத் தூக்கிடுங்க." சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார்.

போன வருடம் அப்பா போனார். என் தங்கை வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது. அதனால் அவர் சொன்னதற்கு மாறாகக் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. பெட்டி வந்தது. சரவணன் இப்போது ஊரோடு வந்துவிட்டான். அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். பிடித்தவன் விடவே இல்லை. யார் வந்து கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. தங்கை வந்து அப்பாவின் முகத்தைப் பார்க்கிற வரைக்கும் என் கை அவன் கைக்குள்தான் இருந்தது. கூடப் பிறந்தவன்கூட இப்படி இருக்க மாட்டான் என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள்.

"எத்தனை பேருக்குடா இந்த மாதிரி தம்பி வாய்க்கும்" என்றேன்.

அவன் பெட்டியையும் சுவரில் இருந்த பிளக்கையும் ஒருமுறை பார்த்துவிட்டு என் காதருகில் குனிந்தான்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. விட்டா நீங்க எந்திரிச்சுப் போயி எதையாவது மாட்டிடுவீங்க."